பவுன்ஸ் ரேட் குறைய நான் செய்தவை: ஜிஏ4 அமைப்பிலிருந்து முதல் பத்தி வரை

எக்செல் சொல்லிக்கொடுக்கும் தளம் ஒன்றை நடத்துகிறேன். கூகுள் தேடலில் வந்தவர்கள் பக்கத்தைத் திறந்த வேகத்தில் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். இப்படிப் போகும் வருகைகளின் விகிதத்தைத்தான் பவுன்ஸ் ரேட் என்கிறோம். தேடல் முடிவுகளில் நல்ல இடத்தில் இருந்த கட்டுரைகளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கின. ஒவ்வொன்றாகத் தோண்டிப் பார்த்துச் சரிசெய்தேன். அந்த வேலையைச் செய்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். தளத்துக்கு வருபவர்களைக் கணக்கெடுக்கும் ஜிஏ4, அதாவது கூகுள் அனலிடிக்ஸ் 4, அப்புறம் கூகுள் தேடலில் நம் தளம் எப்படித் தெரிகிறது என்று காட்டும் சர்ச் கன்சோல், இரண்டையும் உங்கள் தளத்தோடு ஏற்கெனவே இணைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். உங்கள் அனலிடிக்ஸில் தெரியும் பவுன்ஸ் ரேட்டைப் பார்த்து கூகுள் தரவரிசை போடுவதில்லை. கூகுளின் ஜான் முல்லரும் கேரி இல்யெஸும் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். யோசித்தாலும் புரியும்: எத்தனையோ தளங்களில் அனலிடிக்ஸே கிடையாது, அவற்றை எதை வைத்து அளப்பது? ஆனால் தேடல் முடிவுகளில் மக்கள் எதைக் கிளிக் செய்கிறார்கள் என்பது கூகுளுக்குத் தெரியும். அமெரிக்காவில் கூகுள் மீது 2023-இல் நடந்த ஏகபோக வழக்கில், கூகுளின் துணைத் தலைவர் பாண்டு நாயக் அளித்த சாட்சியத்தில் நேவ்பூஸ்ட் என்ற அமைப்பு பற்றிய விவரம் வெளிவந்தது. கடந்த 13 மாதக் கிளிக் தரவுகளிலிருந்து அது கற்றுக்கொள்கிறது. அதனால் பவுன்ஸ் ரேட்டை நான் காய்ச்சல்மானி போலத்தான் பார்க்கிறேன். வந்தவருக்குத் தேடியது கிடைத்ததா என்பதுதான் சரிசெய்ய வேண்டிய விஷயம்.

படி 1: எண்ணைக் கண்ணில் காட்டுங்கள்

ஜிஏ4-இன் வழக்கமான அறிக்கைகளில் பவுன்ஸ் ரேட் இருக்காது, நாம்தான் சேர்க்க வேண்டும். ரிப்போர்ட்ஸ் பகுதியில் லேண்டிங் பேஜ் அறிக்கையை, அதாவது வருபவர்கள் முதலில் வந்திறங்கும் பக்கங்களின் பட்டியலைத் திறந்து, வலப்பக்க மேல்மூலையில் உள்ள பென்சில் குறியை அழுத்துங்கள். மெட்ரிக்ஸ் என்பதற்குள் போய் பவுன்ஸ் ரேட்டைச் சேர்த்து, அப்ளை கொடுத்து, சேமித்துவிடுங்கள்.

பழைய அனலிடிக்ஸில் இருந்த பவுன்ஸ் ரேட் வேறு, இது வேறு. 2023 ஜூலையில் நிறுத்தப்பட்ட பழைய பதிப்பில், ஒரே பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போனால் அது பவுன்ஸ். அரை மணி நேரம் உட்கார்ந்து படித்திருந்தாலும் அதே கணக்குதான். ஜிஏ4-இல் ஒரு வருகை 10 விநாடிக்கு மேல் நீடித்தாலோ, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பேஜ் வியூ (பக்கம் திறக்கப்பட்டதற்கான பதிவு) பதிவானாலோ, நீங்கள் முக்கியம் என்று குறித்துவைத்த கீ ஈவென்ட் ஒன்று நடந்தாலோ அது ஈடுபாடுள்ள வருகை. இந்த மூன்றில் ஒன்றும் நடக்காததுதான் பவுன்ஸ். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பொருளே வராது.

அந்த 10 விநாடியை அட்மின் பகுதியில் 60 விநாடி வரை கூட்டலாம். நான் 30 வைத்திருக்கிறேன். ஒரு செய்முறைக் கட்டுரையில் 10 விநாடி என்பது தலைப்பைப் படித்து முடிக்கவே சரியாக இருக்கும்.

படி 2: அந்த எண் உண்மைதானா?

நான் அதிக நாள் தடுமாறியது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஒரு கட்டத்தில் என் தளத்தின் பவுன்ஸ் ரேட் திடீரென்று ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. செய்த மாற்றமெல்லாம் பலன் தருகிறது என்று நினைத்தேன். சர்ச் கன்சோலில் கிளிக்குகளோ குறைந்துகொண்டே இருந்தன. இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை.

காரணம், டேக், அதாவது ஜிஏ4-க்குத் தரவை அனுப்பும் சிறு நிரல், இரண்டு முறை பதிந்திருந்தது. தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் தீமின் அமைப்பில் ஒரு முறை ஒட்டியிருந்தேன். பிறகு ஒரு பிளகின் (கூடுதல் வசதி தரும் துணைநிரல்) வழியாக, டேக்குகளை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் டேக் மேனேஜரைப் போட்டேன், அதற்குள்ளும் அதே ஜிஏ4 அடையாள எண். ஒவ்வொரு பக்கமும் இரண்டு பேஜ் வியூவை அனுப்பியது. இரண்டு பேஜ் வியூ இருந்தாலே ஈடுபாடுள்ள வருகை என்பதுதானே விதி? வந்த நொடியிலேயே ஓடியவரும் ஈடுபாடுள்ளவராகப் பதிவானார்.

உங்கள் தளத்திலும் இப்படி இருக்கிறதா என்று கணினியில் குரோமைத் திறந்து பாருங்கள். விளம்பரத் தடுப்பானை அணைத்துவிடுங்கள். உங்கள் பக்கத்தில் வலது கிளிக் செய்து இன்ஸ்பெக்ட் கொடுத்து, நெட்வொர்க் தாவலுக்குப் போங்கள். அங்கே வடிகட்டும் பெட்டியில் கலெக்ட் என்ற சொல்லை ஆங்கிலத்தில் தட்டிவிட்டு, பக்கத்தை ரீலோடு செய்யுங்கள். இப்போது வரும் வரிசைகளில் ஒவ்வொன்றாகக் கிளிக் செய்து, பேலோடு என்ற பகுதியில் இஎன் என்னும் ஆங்கில ஈரெழுத்துக்கு எதிரே என்ன இருக்கிறது என்று பாருங்கள். பேஜ் வியூ ஒரே ஒரு முறைதான் வர வேண்டும். ஸ்க்ரோல், யூசர் என்கேஜ்மென்ட் என்று வேறு வரிசைகளும் வரலாம், அவற்றால் பிரச்சினை இல்லை. பேஜ் வியூ இரண்டு இருந்தால் இரண்டு இடத்தில் டேக் இருக்கிறது என்று கிட்டத்தட்ட முடிவே செய்துவிடலாம். ஒன்றைத் தூக்குங்கள். எதைத் தூக்குவது என்றால், நான் தீமில் இருப்பதைத்தான் எடுப்பேன். தீமை மாற்றும்போது அதில் ஒட்டியது காணாமல் போகும், அது அப்போது நினைவிலும் இருக்காது.

இதே வகையில் இன்னொரு தவறு, ஸ்க்ரோல் நிகழ்வைக் கீ ஈவென்டாகக் குறித்துவைப்பது. பதிலைத் தேடி அடிவரை வேகமாக உருட்டிப் பார்த்துவிட்டு ஏமாற்றத்தோடு போனவரும் அப்போது ஈடுபாடுள்ளவர் ஆகிவிடுவார்.

டேக்கைச் சரிசெய்ததும் பவுன்ஸ் ரேட் ஏறும். அதுதான் உண்மையான எண், அங்கிருந்து வேலையைத் தொடங்குங்கள்.

படி 3: எந்தப் பக்கம், யாரிடம் தோற்கிறது?

தளம் முழுவதற்குமான சராசரியை நான் பார்ப்பதே இல்லை. சமூக வலைத்தளத்திலிருந்து எட்டிப் பார்த்தவர், தேடலில் வந்தவர், புக்மார்க்கில் வந்தவர் எல்லோரையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கலக்கினால் எதுவும் தெரியாது. லேண்டிங் பேஜ் அறிக்கையில் ஃபில்டர் போட்டு, ஆர்கானிக் சர்ச் வழியாக, அதாவது விளம்பரம் அல்லாத தேடல் முடிவுகளிலிருந்து வந்தவர்களை மட்டும் வையுங்கள். அப்புறம் வருகை அதிகமாகவும் பவுன்ஸ் ரேட் அதிகமாகவும் உள்ள ஐந்து பக்கங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து போதும்.

இப்போது சர்ச் கன்சோலுக்குப் போய், பெர்ஃபார்மன்ஸ் அறிக்கையில் அந்தப் பக்கத்தின் முகவரியைக் கிளிக் செய்துவிட்டு, குவெரீஸ் தாவலைத் திறங்கள். எந்தச் சொற்களைத் தேடி அந்தப் பக்கத்துக்கு வந்தார்கள் என்பது அங்கே இருக்கும். என் தளத்தில் எக்செல் ஷீட்டுக்குப் பாஸ்வேர்டு போடுவது எப்படி என்று ஒரு கட்டுரை இருந்தது. குவெரீஸைத் திறந்தால், பாதிக்கு மேல் வந்தவர்கள் பூட்டை எடுப்பது எப்படி என்று தேடியவர்கள். பூட்டத் தெரியாதவருக்காக நான் எழுதினேன், வந்தவரோ பூட்டிய ஷீட்டோடு தவித்துக்கொண்டிருந்தவர். அவர் வேறு என்ன செய்வார், திரும்பித்தான் போவார். பூட்டை எடுப்பதற்குத் தனிக் கட்டுரை எழுதி, பழைய கட்டுரையின் முதல் வரியிலேயே அதற்கு இணைப்பு கொடுத்தேன். நான் செய்த எல்லா மாற்றங்களிலும் அதிகப் பலன் தந்தது இதுதான். அதில் தொழில்நுட்ப வேலை என்று ஒன்றுமே இல்லை.

எல்லாப் பக்கத்தையும் இப்படிச் சந்தேகப்பட வேண்டாம். ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்லும் பக்கம், ஒரு ஷார்ட்கட் விசையைச் சொல்லும் பக்கம் போன்றவற்றில் பதில் கிடைத்த உடனே போய்விடுவதுதான் இயல்பு.

படி 4: முதல் திரை

போனில் பக்கத்தைத் திறந்ததும், விரலால் உருட்டாமல் என்ன தெரிகிறது என்று பாருங்கள். பிறந்த தேதியிலிருந்து வயதைக் கணக்கிடும் என் கட்டுரையில் முன்பு இருந்த தொடக்கம் இது: "இன்றைய கணினி உலகில் எக்செல் தவிர்க்க முடியாத ஒன்றாகிவிட்டது. அலுவலகம் முதல் கல்வி வரை எல்லாத் துறைகளிலும் இதன் பயன்பாடு பெருகிவருகிறது." வயதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. இப்போது இருப்பது: "பிறந்த தேதி ஏ2 கட்டத்தில் இருக்கிறதா? கீழே உள்ள சூத்திரத்தை பி2-வில் ஒட்டுங்கள், முடிந்த வயது ஆண்டுக்கணக்கில் வரும்." அதற்கு அடுத்த வரியில் சூத்திரம். விளக்கமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பதிலை மேலேயே கொடுத்துவிட்டால் உடனே போய்விடுவார்களே என்று எனக்கும் பயம் இருந்தது. நடந்தது வேறு. சூத்திரம் வேலை செய்ததும், மாதமும் நாளும் சேர்த்து வர என்ன செய்வது என்று கீழே படித்தார்கள்.

இந்த இடத்தில் மைக்ரோசாஃப்ட் கிளாரிட்டியைக் கட்டாயம் நிறுவச் சொல்வேன். இலவசம். வருபவர் எங்கே தொட்டார், எங்கே நின்றார் என்பதைக் காணொளி போலக் காட்டும். இதைப் போன்ற கட்டணக் கருவிகளையும் முயன்றிருக்கிறேன், ஆரம்பத்தில் அவை தேவையே இல்லை. கிளாரிட்டியில் டெட் கிளிக்ஸ் என்று ஒரு வடிகட்டி உண்டு, தொட்டும் எதுவும் நடக்காத இடங்களைக் காட்டும். என் கட்டுரையில் அவை எல்லாம் ஒரே இடத்தில் குவிந்திருந்தன: சூத்திரம் இருந்த ஸ்கிரீன்ஷாட்டின் மேல். ஒரு பதிவில் ஒருவர் அந்தப் படத்தை மறுபடியும் மறுபடியும் அழுத்திப் பிடிக்கிறார், நகலெடுக்கப் பார்க்கிறார், முடியவில்லை, போய்விடுகிறார். படத்தை எடுத்துவிட்டுச் சூத்திரத்தை எழுத்தாகவே போட்டேன், பக்கத்தில் நகலெடுக்கும் பொத்தானும் வைத்தேன். பத்துப் பதிவுகளைப் பொறுமையாகப் பாருங்கள், எந்த அறிக்கையும் சொல்லாததை அவை சொல்லிவிடும்.

படி 5: வேகம்

பக்கத்தின் வேகத்தை அளக்கும் கூகுளின் கருவியான பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸில் முகவரியைப் போடுங்கள். நூற்றுக்கு எத்தனை மதிப்பெண் என்பதை விட்டுவிட்டு, மேலே உள்ள கோர் வெப் வைட்டல்ஸ் பகுதியைப் பாருங்கள். எல்சிபி, அதாவது முதல் திரையில் உள்ளவற்றில் ஆகப் பெரிய படமோ எழுத்துப் பகுதியோ தெரிய ஆகும் நேரம், 2.5 விநாடிக்குள் இருக்க வேண்டும். தொட்டதற்குப் பக்கம் பதில் தரும் நேரமான ஐஎன்பி 200 மில்லி விநாடிக்குள், படிக்கும்போது பக்கம் குதிப்பதை அளக்கும் சிஎல்எஸ் 0.1-க்குள். நான்கில் மூன்று வருகைகளாவது இந்த அளவைத் தொட்டால்தான் தேர்ச்சி.

எனக்கு எல்சிபிதான் இடித்தது. படங்கள் எல்லாவற்றுக்கும் லேஸி லோடிங் போடும், அதாவது உருட்டி அருகில் வரும்போது மட்டும் படத்தை ஏற்றும் பிளகின் ஒன்றை வைத்திருந்தேன். கீழே உள்ள படங்களுக்கு அது நல்லதுதான். ஆனால் முதல் திரையில் தெரிய வேண்டிய படத்தையும் அது காக்கவைத்தது. முதல் படத்துக்கு மட்டும் விலக்கு கொடுத்ததும் எல்சிபி பச்சைக்கு வந்தது. படங்களைச் சுருக்க ஸ்குவூஷ் என்ற இணையக் கருவி போதும். பிரவுசரிலேயே இயங்கும், வெப்பி வடிவில் சேமித்துத் தரும். இந்த வேலைக்கு ஒரு பிளகினை ஏற்றித் தளத்தைக் கனமாக்குவது எனக்குப் பிடிக்காது.

தமிழ்த் தளங்களுக்கு இன்னொன்று: அழகுக்காக ஒரு எழுத்துருவின் ஐந்தாறு தடிமன்களை ஏற்றாதீர்கள். சாதாரணம், தடித்தது என இரண்டு போதும். எழுத்துரு வந்து சேரும் வரை போனில் இருக்கும் எழுத்துருவிலேயே பக்கம் தெரியும்படி, தளத்தின் சிஎஸ்எஸ்ஸில் (தோற்றத்துக்கான நிரல்) ஃபான்ட் டிஸ்ப்ளே என்ற பண்புக்கு ஸ்வாப் என்று கொடுங்கள்.

படி 6: குறுக்கே நிற்பவை

தேடலில் இருந்து வந்தவரின் முகத்துக்கு நேரே மின்னஞ்சல் கேட்கும் பாப்அப்பை நீட்டாதீர்கள். போனில் உள்ளடக்கத்தை மறைக்கும் பாப்அப்களைத் தரவரிசையில் கணக்கில் எடுப்பதாக கூகுள் 2017 ஜனவரியிலிருந்தே சொல்லி வருகிறது. விளம்பரம் வைப்பதானால், அது வரும் இடத்துக்கு உயரத்தை முன்கூட்டியே ஒதுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் படித்துக்கொண்டிருக்கும் வரி சட்டென்று கீழே குதிக்கும்.

உள் இணைப்புகளைக் கட்டுரையின் அடியில் "இதையும் படிக்க" என்று குவிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அடிவரை வருபவர்கள் குறைவு. வாசகருக்கு அடுத்த கேள்வி எழும் அதே வாக்கியத்தில் இணைப்பை வையுங்கள்.

படி 7: காத்திருங்கள்

ஒரு பக்கத்தில் ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, தேதியோடு எழுதிவையுங்கள். பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ் காட்டும் உண்மைப் பயனர் தரவு கடந்த 28 நாட்களுக்கானது, அதனால் இன்று சரிசெய்தது நாளை பச்சையாகத் தெரியாது. ஒரு மாதம் கழித்து, சர்ச் கன்சோலில் கம்பேர் வசதியைக் கொண்டு அந்தப் பக்கத்தின் கிளிக்கையும் இடத்தையும் முந்தைய மாதத்தோடு ஒப்பிடுங்கள்.

பிறகு சேர்த்தது 1: பென்சில் குறியே தெரியவில்லை என்று பலர் எழுதியிருந்தார்கள். உங்களுக்குப் பார்வையாளர் உரிமை மட்டும் இருந்தால் அது வராது. கணக்கை வைத்திருப்பவரிடம் எடிட்டர் உரிமை கேளுங்கள்.

பிறகு சேர்த்தது 2: டேக் ஒன்றுதான், ஆனாலும் பேஜ் வியூ இரண்டு வருகிறது என்று ஒருவர் கேட்டார். அவர் தளத்தில் கட்டுரை முடிந்ததும் அடுத்த கட்டுரை தானாக ஏறி, முகவரியும் மாறுகிறது. அதை ஜிஏ4 புதிய பக்கமாக எண்ணுகிறது. ஜிஏ4-இன் அட்மின் பகுதியில் உள்ள டேட்டா ஸ்ட்ரீமில் என்ஹான்ஸ்டு மெஷர்மென்ட் அமைப்பைத் திறந்து, பேஜ் வியூஸின் கூடுதல் அமைப்பில் பிரவுசர் ஹிஸ்டரி பற்றிய டிக்கை எடுத்ததும் சரியானது.

பிறகு சேர்த்தது 3: வயதுச் சூத்திரத்தை அப்படியே ஒட்டியும் பிழை வருகிறது என்று இரண்டு பேர் சொன்னார்கள். அவர்கள் கணினியின் வட்டார அமைப்பில் காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி போட வேண்டியிருக்கிறது. சூத்திரத்துக்கு நேர் கீழே இதை ஒரு வரியாகச் சேர்த்துவிட்டேன். கிளாரிட்டி பதிவுகளில், நகலெடுத்துக்கொண்டு போய் அரை நிமிடத்தில் திரும்பி வந்து தேடியவர்கள் இப்போது அந்த வரியில் நிற்பது தெரிகிறது.