சொந்தமாக எழுதிய மந்திரம்: எந்த ஸ்கூலில் சேர்ப்பது?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதாபாத்திர விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில் புது மந்திரம் எழுதும்போது லெவலும் டேமேஜும் சீக்கிரம் கைக்கு வந்துவிடும். ஸ்கூல் (மந்திரத்தின் வகை, மொத்தம் எட்டு) என்ற இடத்தில்தான் பேனா நிற்கும். ஸ்கூலுக்கென்று தனி விதி கிடையாது, ஆனால் வேறு விதிகள் அதைப் பார்த்து நடக்கின்றன. எவோக்கரின் (எவொகேஷன் ஸ்கூலில் தேர்ந்த மந்திரவாதி) ஸ்கல்ப்ட் ஸ்பெல்ஸ், அதாவது நண்பர்களைத் தன் மந்திரத்திலிருந்து காக்கும் திறன், எவொகேஷனில் மட்டும்தான் பலிக்கும். மந்திரத்தைக் கண்டறியும் டிடெக்ட் மேஜிக் போட்ட ஆட்டக்காரருக்கு டி.எம். (ஆட்டத்தை நடத்துபவர்) ஸ்கூலைச் சொல்லியாக வேண்டும். அதனால் குத்துமதிப்பாக எழுதினால் பிறகு மேசையில் வம்பு வரும்.

படி 1: மந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். 'எதிரிக்கு 3டி6 (மூன்று ஆறுமுகப் பகடைகளின் கூட்டு) டேமேஜ்' என்பது விளைவு, அது உதவாது. 'காற்றிலிருந்து நெருப்பைக் கக்குகிறது' என்பதுதான் வேண்டும்.

படி 2: அந்த வாக்கியத்தின் வினைச்சொல்லைப் பிடியுங்கள். காப்புக் கட்டுவது, மந்திரத்தை முறிப்பது அப்ஜுரேஷன். பொருளையோ ஆளையோ வரவழைப்பது, இடம் மாற்றுவது கான்ஜுரேஷன். குறி சொல்வது டிவினேஷன். வசியம் என்சான்ட்மென்ட். நெருப்பு, மின்னல் போன்ற சக்தியைப் பாய்ச்சுவது எவொகேஷன். கண்கட்டு இல்யூஷன். உயிரோடும் சாவோடும் விளையாடுவது நெக்ரோமன்சி. இருப்பதை இன்னொன்றாக்குவது டிரான்ஸ்மியூட்டேஷன்.

டேமேஜ் வந்தாலே எவொகேஷன் என்று போடுவது புதியவர்களின் வழக்கமான தவறு. கிளவுட்கில் என்ற மந்திரம் 5டி8 விஷ டேமேஜ் தரும், ஆனாலும் கான்ஜுரேஷன். அது விஷப் புகையை வரவழைக்கிறது.

படி 3: இங்கேதான் பலரும் வழுக்குவார்கள். எதிரி பயந்து ஓடுகிறான் என்று வையுங்கள். எந்த ஸ்கூல்? ஃபியர் என்ற மந்திரம் இல்யூஷன், அவனுடைய மிகப் பெரிய பயத்தை உருவமாகக் காட்டுகிறது. டிஸ்ஸொனன்ட் விஸ்பர்ஸ் என்சான்ட்மென்ட், நேராக மனசுக்குள் புகுந்து குடைகிறது. காஸ் ஃபியர் நெக்ரோமன்சி, 'செத்துவிடுவோம்' என்ற உணர்வைக் கிளப்புகிறது. முதல் இரண்டிலும் எதிரி ஓடுவான், காஸ் ஃபியரில் நெருங்க மாட்டான்; விளைவு கிட்டத்தட்ட ஒன்றுதான், வழி வேறு. உங்கள் மந்திரத்திடம் ஒரு கேள்வி கேளுங்கள்: எதிரி எதையாவது பார்த்து அல்லது கேட்டு ஏமாறுகிறானா? ஆமென்றால் இல்யூஷன். ஏமாறாமலே மனசு மாறுகிறதென்றால் என்சான்ட்மென்ட்.

(எல்ஃப்களுக்கு என்சான்ட்மென்ட் ஏறாது என்று சிலர் சாதிப்பார்கள். எல்ஃப்களின் ஃபே ஆன்செஸ்ட்ரி என்ற பிறவித் திறன் பார்ப்பது 'சார்ம்ட்' (வசியப்பட்ட) நிலையையும், 2014 புத்தகத்தில் மந்திரத் தூக்கத்தையும்தான், ஸ்கூலை அல்ல.)

படி 4: இப்போது ஒரு சோதனை. 'சாம்பல் மழை' என்று இரண்டாம் லெவல் மந்திரம் எழுதுகிறீர்கள். கொதிக்கும் சாம்பல் கொட்டிச் சுட்டுவிட்டு மறைந்தால் எவொகேஷன். சாம்பல் மூட்டமாக நின்று பார்வையை மறைத்தால், ஃபாக் கிளவுட் போலக் கான்ஜுரேஷன். எதிரிகளின் கண்ணுக்கு மட்டும் சாம்பல் தெரிந்தால் இல்யூஷன். தேர்வு சும்மா அலங்காரத்துக்கு அல்ல. எவொகேஷன் என்று எழுதினால், எவோக்கர் ஒருவர் ஸ்கல்ப்ட் ஸ்பெல்ஸால் மூன்று நண்பர்களை (லெவலோடு ஒன்று கூட்டி) சேவிங் த்ரோவில் (தாக்கத்திலிருந்து தப்ப உருட்டும் பகடை) தானாக ஜெயிக்க வைப்பார். ஜெயித்தால் பாதி டேமேஜ் என்று எழுதியிருந்தால் அவர்களுக்கு அதுவும் விழாது. மந்திரம் சட்டென்று பலமாகிவிடும்.

படி 5: அதே வழியில் வேலை செய்யும் இரண்டு அதிகாரப்பூர்வ மந்திரங்களைத் தேடி ஒப்பிடுங்கள். இதற்கு ஆப் எதுவும் வேண்டாம், ஒரு கூகுள் ஷீட் போதும்: பெயர், வினைச்சொல், ஸ்கூல், பதிப்பு. கடைசிக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள்.

ஏனென்றால் பதிப்புக்குப் பதிப்பு இடம் மாறுகிறது. காயம் ஆற்றும் கியூர் மந்திரங்கள்தான் இதில் மோசம். 1989இன் இரண்டாம் பதிப்பில் நெக்ரோமன்சி, 2000இன் மூன்றாம் பதிப்பில் கான்ஜுரேஷன், ஐந்தாம் பதிப்பின் 2014 புத்தகத்தில் எவொகேஷன், அதைத் திருத்திய 2024 புத்தகத்தில் அப்ஜுரேஷன். ஆற்றும் மந்திரம் எழுதுபவர்கள் வாதாட வேண்டாம், மேசையில் இருக்கும் புத்தகம் சொல்வதை எழுதுங்கள்.

பின்சேர்க்கை: 2024 புத்தகத்தில் பாய்சன் ஸ்ப்ரே நெக்ரோமன்சிக்கும், ஆசிட் ஸ்ப்ளாஷ் எவொகேஷனுக்கும், டான்சிங் லைட்ஸ் இல்யூஷனுக்கும் போய்விட்டன. பழைய ஷீட்டை வைத்து ஒப்பிடுபவர்கள் இந்த மூன்று வரிகளையும் முதலில் திருத்துங்கள். இதே வகை விளையாட்டான பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பின் ரீமாஸ்டரை (திருத்திய வெளியீடு) ஆடுபவர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை, அங்கே எட்டு ஸ்கூல்களையும் எடுத்துவிட்டார்கள்.