புதிய தலைவரிடம் பழைய வெற்றிகளைச் சொல்லும்போது

ஒரு சபையில் வாலிபர் ஐக்கியத்தின் புதிய செயலராக வந்த தம்பிக்குச் சால்வை போட்டார்கள். அப்புறம் பழைய செயலர் மைக்கைப் பிடித்தார். தன் காலத்தில் காம்பவுண்டுச் சுவர் எழுப்பியது, கையில் காசில்லாமல் கன்வென்ஷன் நடத்தியது என்று முக்கால் மணி நேரம். தம்பி சரிந்த சால்வையை இழுத்து விட்டுக்கொண்டே நின்றான். தைரியம் சொல்லத்தான் பேசினார். கேட்டவன் முகத்தில் கலவரம்தான் தெரிந்தது.

வேதாகமத்தில் உபாகமம் 3-ஆம் அதிகாரத்தில் மோசே, தனக்குப் பின் ஜனங்களை நடத்தப்போகும் யோசுவாவிடம் இதே வேலையை இரண்டே வசனத்தில் முடிக்கிறார். போரில் தோற்ற சீகோன், ஓக் என்ற இரண்டு ராஜாக்களுக்கும் கர்த்தர் செய்ததை "உன் கண்கள் கண்டது", யோர்தான் ஆற்றுக்கு அக்கரையிலும் அப்படியே செய்வார், பயப்படாதே என்கிறார் யோசுவாவிடம்.

செங்கடல் பிளந்ததைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அங்கே கோலை நீட்டியது மோசே. அதை விட்டுவிட்டு, அண்மையில் நடந்த போர்களை எடுக்கிறார். நம் ஆட்கள் தவறுவது இங்கேதான்: கேட்பவனுக்குப் பங்கில்லாத கதையைச் சொல்வார்கள். அந்தத் தம்பி வெள்ள நேரத்தில் இடுப்பளவு தண்ணீரில் அரிசி மூட்டை சுமந்தவன். "அன்றைக்கு லாரி எப்படி வந்து சேர்ந்தது, நீயே பார்த்தாயே" என்று ஒரு வரி போதுமாயிருந்தது.

இன்னொன்று, "நான் செய்தேன்" என்ற பேச்சு. செய்தவர் மோசே என்றால், மோசே போன பிறகு யோசுவா யாரை நம்பிப் போவான்?

எதிரியைச் சின்னதாக்கவும் வேண்டாம். ஓகின் தேசத்தில் மதிலும் தாழ்ப்பாளும் உள்ள 60 பட்டணங்கள். அவனுடைய இரும்புக் கட்டில் 9 முழ நீளம், கணக்குப் போட்டால் 13 அடிக்கு மேல். வேதம் அதை அளந்தே எழுதி வைத்திருக்கிறது. "ஊதித் தள்ளிட்டோம்" என்று சொல்லி அனுப்பினால், முதல் சிக்கலிலேயே புதியவர் தன்னைத்தான் சந்தேகப்படுவார்.

பழைய வெற்றியைச் சூத்திரமாக்குவதும் ஆபத்து. பிற்பாடு யோசுவாவின் காலத்தில், எரிகோ பட்டணம் விழுந்த கையோடு ஆயி பட்டணத்துக்கு இரண்டாயிரம் மூவாயிரம் பேர் போதும் என்றார்கள். போனவர்களில் 36 பேர் செத்தார்கள். காரணம் எரிகோவின் கொள்ளையிலிருந்து ஆகான் என்பவன் திருடியது என்கிறது வேதம். சரி, ஆனாலும் கிளம்புமுன் கர்த்தரிடம் விசாரித்ததாக அங்கே ஒரு வரிகூட இல்லை.

வாயால் வாழ்த்திவிட்டுப் பீரோ சாவியைப் பையிலேயே வைத்துக்கொள்பவர்கள் எண்ணாகமம் 27-ஐப் படிக்கலாம். "உன் கனத்தில் கொஞ்சம் அவனுக்குக் கொடு" என்பது மோசேக்கு வந்த கட்டளை. சபையார் எல்லாருக்கும் முன்பாகத்தான் யோசுவாவின்மேல் கை வைத்தார்.

விலகுகிறவருக்கு மனக்குறை இருக்கும். மோசேக்கும் இருந்தது. நானும் அக்கரை போக வேண்டும் என்று கெஞ்சியதையும், போதும், இனி இதைப் பேசாதே என்று பதில் வந்ததையும் அடுத்த வசனங்களிலேயே ஜனங்களிடம் சொல்கிறார். யோசுவாவிடம் பேசிய அந்த இரண்டு வசனத்துக்குள் மட்டும் அதைக் கொண்டுவரவில்லை.