இதயத்தின் மூலையில் ஒரு நிழல்: அவசரப்பட்டுப் பெயர் வைக்காதீர்கள்

மார்பு எக்ஸ்ரேயில் இதயமும் உதரவிதானமும் சந்திக்கும் மூலையில் நிழல் தெரிந்ததுமே ‘கட்டி’ என்று ரிப்போர்ட் எழுதிவிடுகிறோம். பெரும்பாலும் அது இதய உறையை ஒட்டிய சாதாரணக் கொழுப்புத் திண்டுதான். உடல் எடை கூடினாலோ, நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்தாலோ இன்னும் பருக்கும். பழைய படம் இருந்தால் முதலில் அதை வாங்கிப் பாருங்கள். பல வருடங்களுக்கு முன்பும் அதே அளவில் இருந்திருந்தால் பாதிப் பதற்றம் அங்கேயே அடங்கிவிடும்.

வலப்பக்கம் என்றாலே இதய உறை நீர்க்கட்டி என்று முடிவுகட்டுவது அடுத்த தவறு. நீர்க்கட்டி அங்கே அதிகம் என்பது உண்மைதான். ஆனால் மார்காக்னி குடலிறக்கமும் (உதரவிதானத்தின் முன்பக்க இடைவெளி வழியே வயிற்றில் உள்ளவை மார்புக்குள் ஏறுவது) சுமார் 90 சதவீதம் வலப்பக்கம்தான் வருகிறது; இடப்பக்கத்தை இதயம் அடைத்துக்கொண்டிருக்கிறதே! ஆகவே பக்கத்தைப் பார்க்காதீர்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். சிடியில் நீர்க்கட்டி பொதுவாக 0 முதல் 20 ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகு (சிடியில் அடர்த்தியை அளக்கும் அலகு; தண்ணீர் என்றால் 0) காட்டும். கான்ட்ராஸ்ட் (ரத்தநாளத்தில் ஏற்றும் நிறமூட்டி மருந்து) கொடுத்தாலும் ஒளிராது. கொழுப்பு மைனஸ் 100ஐ ஒட்டி நிற்கும்.

கொழுப்பு என்று தெரிந்தவுடன் படத்தை மூடிவிடுவதுதான் என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றிலும் நுட்பமான தவறு. குடலிறக்கத்தில் ஒமென்டம் (குடலுக்கு முன்னால் தொங்கும் கொழுப்புத் திரை) மட்டும் மேலேறியிருந்தால் அதுவும் வெறும் கொழுப்பாகத்தான் தெரியும். குறுக்குவெட்டுப் படங்களை மட்டும் புரட்டினால் ஏமாந்துபோவீர்கள். சஜிட்டல் (பக்கவாட்டு), கரோனல் (முன்பக்க) வெட்டுப் படங்களில் கொழுப்புக்குள் ஓடும் மெல்லிய ரத்தக்குழாய்களைப் பிடித்துக்கொண்டே கீழே இறங்குங்கள். அவை உதரவிதானத்தைத் தாண்டி வயிற்றுக்குள் போனால் அது குடலிறக்கம். பெருங்குடலும் ஏறி, காற்று தெரிந்தால் யாரும் தவறவிட மாட்டார்கள்.

திடீர் நெஞ்சுவலியோடு வந்தவருக்குத் திண்டின் கொழுப்பு கலங்கி, சுற்றிலும் ஒரு விளிம்பு தெரிந்தால் கொழுப்பு நசிவையும் (திண்டின் கொழுப்புத் திசு அழிந்து அழற்சி ஏற்படுவது) நினையுங்கள். மாரடைப்பும் நுரையீரல் ரத்தக்கட்டும் இல்லை என்று உறுதியான பிறகு, வலி மாத்திரையே பெரும்பாலும் போதும்.

நீருமில்லை, கொழுப்புமில்லை என்றால் நிணநீர்க் கணுக்களைத் தேடுங்கள்; லிம்ஃபோமாவோ (நிணநீர் மண்டலப் புற்றுநோய்), பரவிய புற்றுநோயோ இருக்கலாம். இங்கே கணு வழக்கமான வரம்பான 10 மில்லிமீட்டரைத் தொடும்வரை காத்திருக்கக் கூடாது. சினைப்பைப் புற்றுநோயில் குறுக்களவு 5 மில்லிமீட்டரைத் தாண்டினாலே பலரும் சந்தேகிக்கிறார்கள்.

கணுக்கூட்டம் என்று நினைத்து பயாப்ஸிக்கு அனுப்புமுன் கல்லீரலைப் பாருங்கள். சிரோசிஸில் (கல்லீரல் தழும்பாகிச் சுருங்கும் நோய்) புடைத்த ரத்தநாளங்கள் கான்ட்ராஸ்ட் இல்லாத சிடியில் கணுக்களைப் போலவே இருக்கும். கல்லீரல் சுருங்கி மண்ணீரல் பெருத்திருந்தால், போர்ட்டல் வீனஸ் கட்டப் படம் (கான்ட்ராஸ்ட் போர்ட்டல் சிரையை நிறைக்கும் நேரத்தில் எடுக்கும் சிடி) கைக்கு வரும்வரை ஊசியை எடுக்காதீர்கள்.