பௌலிங் ஆர்வத்தைப் பேரப்பிள்ளைகள் வரை கொண்டு செல்வது எப்படி

எழுபது வயதுத் தாத்தாவும் ஏழு வயதுப் பேத்தியும் ஒரே நேரத்தில், ஒரே விதிகளின்படி, ஒருவருக்காக மற்றவர் ஆட்டத்தைக் குறைத்துக்கொள்ளாமல் ஆடக்கூடிய விளையாட்டுகள் மிகக் குறைவு. பத்துப் பின்களைப் பந்துருட்டி வீழ்த்தும் பௌலிங் அவற்றுள் ஒன்று. அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களில் வாரத்தின் ஒரு மாலையை லீக் ஆட்டத்திற்கென ஒதுக்கி வைத்து, அந்த வழக்கத்தைப் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் விட்டுச் சென்ற குடும்பங்கள் ஏராளம். மில்வாக்கி நகரில் ‘ஹாலர் ஹவுஸ்’ என்னும் மதுக்கடையின் நிலவறையில் 1908ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட, பந்தை உருட்டிவிடும் பாதைகளான இரண்டே லேன்கள், ஒரே குடும்பத்தின் பொறுப்பில் தலைமுறைகளைக் கடந்து வந்தன. இயந்திரங்கள் எங்கும் வந்துவிட்ட பிறகும் அங்கே பின்களை ஆட்களே கையால் அடுக்கி வைத்தார்கள்.

அத்தகைய தொடர்ச்சியைத் தம் வீட்டிலும் உருவாக்க விரும்பும் பெற்றோருக்கும் தாத்தா பாட்டிமாருக்கும் இதை எழுதுகிறேன். முதலில் ஒன்றை உறுதியாகச் சொல்லிவிடுகிறேன். பழக்கத்தையும், லேனைப் பற்றிய அறிவையும், கணக்கு எழுதும் முறையையும் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். உங்கள் கைவீச்சை மட்டும் அவர்கள்மேல் திணிக்காதீர்கள்.

இதற்கு மிகச் சிறந்த சான்று வெபர் குடும்பம். டிக் வெபர் 1958இல் தொழில்முறை பௌலர்கள் சங்கம் தோன்றியபோது அதன் தொடக்க உறுப்பினர்களுள் ஒருவர், இன்றைய யு.எஸ். ஓப்பன் போட்டிக்கு முன்னோடியான ஆல்-ஸ்டார் போட்டியை 1962, 1963, 1965, 1966 ஆகிய நான்கு ஆண்டுகளில் வென்றவர். அவருடைய ஆட்டம் சீரானது, மென்மையானது. மகன் பீட் வெபரோ பந்தைப் பின்புறம் தலைக்கு மேல் வரை உயர்த்தி, பலமாகச் சுழற்றி வளைத்து விடுபவர். தந்தையைப் போல ஆடாத அந்த மகன்தான் 2012இல் ஐந்தாவது முறையாக யு.எஸ். ஓப்பனை வென்று, தந்தையின் நான்கு வெற்றிகளையும் கடந்தார். டிக் தம் நடையையும் வீச்சையும் மகன் அப்படியே பின்பற்ற வேண்டுமென்று பிடிவாதம் பிடித்திருந்தால் அந்த ஐந்தாவது வெற்றி வந்திருக்குமா என்பது சந்தேகமே.

ஆஸ்திரேலியாவின் ஜேசன் பெல்மாண்டி இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. நியூ சவுத் வேல்ஸில் உள்ள ஆரஞ்சு என்னும் ஊரில் அவருடைய பெற்றோர் ஒரு பௌலிங் தளத்தை நடத்தினார்கள். ஒன்றரை வயதுக் குழந்தையால் ஒரு கையில் பந்தைத் தூக்க முடியாததால் அவர் இரு கைகளாலும் பிடித்து உருட்டினார். வளர்ந்த பிறகும் அந்த முறையை மாற்றிக்கொள்ளவில்லை. 2023 வரை தொழில்முறைப் போட்டிகளில் 15 பெரும் பட்டங்களை வென்று, அந்த எண்ணிக்கையில் எல்லோரையும் விட முன்னே நிற்கிறார். தொழில்முறைப் போட்டிகளில் எட்டுப் பட்டங்கள் வென்ற கப்பி ட்ரூப்பின் மகன் கைல் ட்ரூப்பும் இரு கை ஆட்டக்காரரே. ஆகவே உங்கள் குழந்தை இரு கைகளாலும் பந்தைப் பிடித்துக்கொண்டு நின்றால், “அப்படிப் பிடிக்கக் கூடாது” என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வர வேண்டாம். விதிகளும் அதைத் தடுக்கவில்லை.

தொடக்கம்: பந்தும் கையும்

குழந்தைகள் இந்த விளையாட்டை வெறுப்பதற்குப் பெரும்பாலும் பந்தின் எடையே காரணம். தளங்களில் பொதுவாக 6 பவுண்டு முதல் 16 பவுண்டு வரையிலான பந்துகள் இருக்கும். விதிப்படி 16 பவுண்டே உச்ச வரம்பு. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்ற பழைய கணக்கு தொடக்கத்திற்குப் போதுமானது. அதாவது 60 பவுண்டு எடையுள்ள சிறுமிக்கு 6 பவுண்டு பந்து. இரண்டாவது ஆட்டம் முடியும் தறுவாயில் குழந்தையின் தோள் ஒரு பக்கமாகச் சாய்கிறதா, விடும் நேரத்தில் பந்து கையிலிருந்து ‘தொப்’பென்று விழுகிறதா என்று கவனியுங்கள். அப்படியானால் எடையைக் குறையுங்கள். நிறம் பிடித்திருக்கிறது என்று அவள் அடம்பிடித்தாலும் இதில் இடம் கொடுக்காதீர்கள்.

துளைகளின் பொருத்தம் எடைக்கு அடுத்தபடியாக முக்கியம். கட்டைவிரல் உரசாமலும், இறுக்கிப் பிடிக்க வேண்டிய அவசியமின்றியும் இருக்க வேண்டும். துளை பெரிதாக இருந்தால் பந்து நழுவிவிடுமோ என்ற பயத்தில் குழந்தை விரல்களை நெருக்கிப் பிடிக்கும். அந்த இறுக்கம் பழக்கமாகிவிட்டால் பிறகு விடுவிப்பது கடினம். வளரும் பிள்ளைக்குச் சொந்தப் பந்து வாங்கிக் கொடுத்திருந்தால், ஆறு மாதத்திற்கு ஒருமுறை பந்துத் துளையிடும் கடைக்கு அழைத்துச் சென்று கையளவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சாக்கடை போன்ற பக்கவாட்டுப் பள்ளத்தில் பந்து விழாதபடி எழுப்பப்படும் பம்பர் தடுப்புகளைச் சிலர் ஏளனமாகப் பார்க்கிறார்கள். ஐந்து வயதுக் குழந்தைக்கு அவை தேவை. பத்துப் பந்துகளும் பள்ளத்தில் விழுந்தால் அந்தக் குழந்தை மறுவாரம் வராது. ஆனால் தடுப்பில் மோதாமல் சென்ற பந்துக்குத் தனியாக ஒரு புள்ளி என்று வீட்டுக்குள்ளேயே ஒரு விதியை வைத்துக்கொண்டால், தடுப்புகளை இறக்கச் சொல்லி அந்தக் குழந்தையே ஒருநாள் கேட்கும்.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், அதாவது மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர், மேய்ன் மாநிலங்களில் இருப்பவர்களுக்கு இன்னொரு நல்ல வாய்ப்பு உண்டு. அங்கே ஆடப்படும் கேண்டில்பின் பௌலிங்கில் பந்து உள்ளங்கையில் அடங்கும், துளைகள் கிடையா, எடை அதிகபட்சம் 2 பவுண்டு 7 அவுன்ஸ். ஒரு முறைக்கு மூன்று பந்துகள் கிடைக்கும். அந்த ஆட்டத்தில் அதிகபட்சப் புள்ளியான 300ஐ இதுவரை யாரும் எட்டியதில்லை, உயர்ந்த பதிவே 245தான். ஆகவே அனுபவசாலியும் புதியவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று தடுமாறும் ஆட்டம் அது. முதுமையால் மணிக்கட்டு நொந்த பாட்டிக்கும் அது ஏற்றது.

எதைப் பார்த்து உருட்டுவது

கைவீச்சைத் திருத்தாதீர்கள் என்றேன்; பார்வையைக் கட்டாயம் பழக்குங்கள். முதல் பின், பந்தை விடும்போது கால் தாண்டக் கூடாத ஃபவுல் கோட்டிலிருந்து 60 அடி தொலைவில் நிற்கிறது. அவ்வளவு தூரத்தில் குறி வைப்பதைவிட, 12 முதல் 16 அடிக்குள் லேனில் பதிக்கப்பட்டிருக்கும் ஏழு அம்புக்குறிகளில் ஒன்றின் மேல் பந்தை ஓட்டுவது எளிது. லேனின் அகலம் 39 பலகைகளாகக் கணக்கிடப்படுகிறது. ஒவ்வோர் ஐந்தாவது பலகையிலும் ஓர் அம்புக்குறி. வலக்கை ஆட்டக்காரர் வலப்புறமிருந்து இரண்டாவது அம்பை, அதாவது பத்தாவது பலகையைத் தொடக்கக் குறியாகக் கொள்ளலாம். பந்து எந்தப் பலகையைக் கடந்தது என்று ஒவ்வொரு முறையும் குழந்தையிடம் கேளுங்கள். எத்தனை பின் விழுந்தது என்பது தானாகவே திரையில் தெரியும். பலகையைப் பார்க்கும் கண்தான் பெரியவர்கள் கொடுக்க வேண்டிய சொத்து.

கண்ணுக்குத் தெரியாத எண்ணெயைப் பற்றியும் சொல்லிக் கொடுங்கள். சாதாரணத் தளங்களில் லேனின் நடுவில் எண்ணெய் அதிகமாகவும் ஓரங்களில் குறைவாகவும் பூசப்படும். ஆட்டங்கள் நகர நகர அது தேய்ந்து, முன்பு நேராகச் சென்ற அதே பந்து வளையத் தொடங்கும். அப்போது கையை மாற்ற வேண்டாம். நிற்கும் இடத்தை மாற்றினால் போதும். பந்து இடப்பக்கமாகத் தவறினால் நிற்குமிடத்தை இடப்பக்கமும், வலப்பக்கமாகத் தவறினால் வலப்பக்கமும் நகர்த்த வேண்டும். இந்த ஒரே ஒரு விதியை மனத்தில் ஏற்றிக்கொண்ட பத்து வயதுப் பிள்ளை, பல ஆண்டுகளாகக் கண்மூடித்தனமாக உருட்டும் பெரியவர்களை எளிதில் முந்திவிடும்.

முதல் பந்திலேயே பத்துப் பின்களையும் வீழ்த்தும் ஸ்ட்ரைக் மேல் எல்லோருக்கும் ஆசை இருப்பது இயல்பே. பின்களுக்கு முன்வரிசையிலிருந்து, ஒவ்வொரு வரிசையிலும் இடமிருந்து வலமாக, ஒன்று முதல் பத்து வரை எண் உண்டு. வலக்கைப் பந்து முதலாம், மூன்றாம் பின்களுக்கு இடையே சரியான கோணத்தில் நுழையும்போது, பத்துப் பின்களில் அது தொடுவது 1, 3, 5, 9 ஆகிய நான்கை மட்டுமே. மற்ற ஆறையும் பின்களே ஒன்றையொன்று தள்ளி வீழ்த்துகின்றன. இதைக் கேட்கும் குழந்தை, வேகத்தை விட்டுவிட்டு நுழையும் இடத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்கும்.

ஆனாலும் குடும்பத்தில் கற்றுத்தர வேண்டிய முதல் கலை, மிஞ்சிய பின்களை இரண்டாவது பந்தில் வீழ்த்தும் ஸ்பேர்தான் என்பது என் உறுதியான கருத்து. ஓர் ஆட்டத்தின் பத்து முறைகளான ஃப்ரேம்கள் ஒவ்வொன்றிலும் முதல் பந்தில் ஒன்பதை வீழ்த்தி, மிஞ்சிய ஒன்றைத் தவறவிட்டுக்கொண்டே போனால் மொத்தம் 90. அதே ஒற்றைப் பின்னை ஒவ்வொரு முறையும் வீழ்த்தி, கடைசிக் கூடுதல் பந்திலும் ஒன்பது எடுத்தால் ஒரு ஸ்ட்ரைக்கூட இல்லாமல் 190. இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள்; வேறு எந்த அறிவுரையும் தேவைப்படாது. வலக்கை ஆட்டக்காரருக்கு இடப்பக்கம் மிஞ்சும் பின்களுக்கு ஒரு பழைய சூத்திரம் உண்டு. குறி வைக்கும் அம்பை மாற்றாமல், இரண்டாம் பின்னுக்கு மூன்று பலகைகளும், நான்காம் பின்னுக்கு ஆறு பலகைகளும், ஏழாம் பின்னுக்கு ஒன்பது பலகைகளும் வலப்புறமாக நகர்ந்து நிற்க வேண்டும். வலக்கோடியில் நிற்கும் பத்தாம் பின்னுக்கு இடப்புறமிருந்து குறுக்காக நேர்ப்பந்து விடுவதே பாதுகாப்பானது.

ஒரே கணக்கில் எல்லோரும்

மாதத்தில் ஒருமுறையாவது திரையைப் பாராமல் தாளில் கணக்கு எழுதச் சொல்லுங்கள். ஸ்ட்ரைக் என்றால் பத்தோடு அடுத்த இரண்டு பந்துகள், ஸ்பேர் என்றால் பத்தோடு அடுத்த ஒரு பந்து. முதல் ஃப்ரேமில் ஸ்ட்ரைக், இரண்டாவதில் ஏழும் மூன்றுமாக ஸ்பேர், மூன்றாவதின் முதல் பந்தில் எட்டு என்றால், முதல் ஃப்ரேமுக்கு 20, இரண்டாவது முடிவில் 38. அடுத்த பந்து முந்தைய ஃப்ரேமின் மதிப்பை மாற்றுகிறது என்பது புரிந்துவிட்டால், பிள்ளை தன் முறை இல்லாதபோதும் ஆட்டத்தைக் கவனிக்கும். தாத்தாவின் ஸ்ட்ரைக்குப் பின் வரும் பந்துக்காகக் காத்திருக்கும்.

பல தலைமுறைகளைச் சேர்த்து வைப்பதற்கு, சராசரி குறைந்தவருக்குக் கூடுதல் புள்ளி கொடுத்துச் சமன் செய்யும் ஹாண்டிகேப் முறையைப் போல் உதவுவது வேறெதுவும் இல்லை. லீக்குகளில் கையாளப்படும் இந்த முறையை வீட்டுக்கும் கொண்டு வரலாம். ஒவ்வொருவரும் ஒன்பது ஆட்டங்களாவது ஆடிய பிறகு சராசரியைக் கணக்கிடுங்கள். 200இலிருந்து அந்தச் சராசரியைக் கழித்து, வரும் வித்தியாசத்தில் 90 விழுக்காட்டைக் கூடுதலாகக் கொடுங்கள், பின்னத்தை விட்டுவிடலாம். தாத்தாவின் சராசரி 160 என்றால் அவருக்கு 36, அப்பாவின் 190க்கு 9, பேத்தியின் 95க்கு 94. அன்று தாத்தா 165, அப்பா 185, பேத்தி 110 எடுத்தால், முடிவு முறையே 201, 194, 204. தன் சராசரியைவிடப் பதினைந்து பின் அதிகமாக வீழ்த்திய சிறுமி வெல்கிறாள். யாரும் அவளுக்காக விட்டுக்கொடுக்கவில்லை. பெரியவர்கள் வேண்டுமென்றே தோற்பதைக் குழந்தைகள் வெகு சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள். கணக்கால் கிடைத்த வெற்றியைத்தான் அவர்கள் மதிக்கிறார்கள்.

சில நாட்களில் ஸ்காட்ச் டபிள்ஸ் ஆடுங்கள். இருவர் ஓர் அணி. ஒருவர் முதல் பந்தை விட, மிஞ்சியதை மற்றவர் வீழ்த்த வேண்டும். பாட்டியையும் பேரனையும் ஓர் அணியாகச் சேர்த்தால், எங்கே நின்று எந்த அம்பைப் பார்க்க வேண்டும் என்று இருவரும் தாமாகவே கலந்து பேசுவார்கள். அப்பாவோ அம்மாவோ பாடம் நடத்துவதைவிட இது பலமடங்கு பலன் தரும். பிள்ளை தீவிரமாக ஆட விரும்பினால், பல தளங்களில் சனிக்கிழமைக் காலைகளில் நடக்கும் சிறுவர் லீக்கில் சேர்த்துவிட்டு, அங்கே பயிற்சியாளர் பேசும்போது நீங்கள் பின்வரிசையில் அமைதியாக உட்கார்ந்திருங்கள்.

தாத்தாவின் பந்து

பழைய பந்தைப் பேரப்பிள்ளைக்குக் கொடுக்கும் ஆசை எல்லாக் குடும்பங்களிலும் உண்டு. அது நடைமுறையில் முடியக்கூடியதே. துளைகளை அடைத்து, புதிய கையளவுக்கு மறுபடியும் துளையிடும் வேலையைத் துளையிடும் கடைகள் செய்து தருகின்றன. அதற்கு முன் பந்தின் வகையைத் தெரிந்துகொள்ளுங்கள். பழைய ரப்பர் பந்தும் பிளாஸ்டிக் பந்தும் அதிகம் வளையாமல் நேராகச் செல்வதால் ஸ்பேர் எடுக்க இன்றும் பயன்படும். 1990களின் தொடக்கத்தில் பரவிய ரியாக்டிவ் ரெசின் பந்துகள் லேனின் எண்ணெயை உறிஞ்சி, காலப்போக்கில் வளையும் திறனை இழந்துவிடும். அவற்றை நினைவுப்பொருளாக வைத்துக்கொள்வதே நல்லது.

துளைகளைச் சுற்றி நகத்தை ஓட்டிப் பார்த்து விரிசல் இருக்கிறதா என்று சோதியுங்கள். எடையையும் பாருங்கள்: அந்தக் காலத்து 16 பவுண்டுப் பந்தைத் துளையிட்டுக் குறைத்து 10 பவுண்டாக்க முடியாது, ஆகவே பேத்திக்கு அதைத் தாங்கும் வயது வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். விரல் வைக்காத கூடுதல் துளை ஒன்று பந்தில் இருந்தால், அது எடையைச் சமன் செய்யப் போடப்பட்டது. 2020 ஆகஸ்டு முதல், அமெரிக்காவில் இந்த விளையாட்டை நிர்வகிக்கும் அமெரிக்க பௌலிங் காங்கிரஸ் அங்கீகரித்த போட்டிகளில் அத்தகைய துளை அனுமதிக்கப்படுவதில்லை என்பதால், லீக்கில் பயன்படுத்துவதற்கு முன் அதையும் அடைத்துவிடச் சொல்லுங்கள். அதுவரை பந்தை வீட்டுக்குள், அறை வெப்பத்தில் வைத்திருங்கள். வெயிலில் நிற்கும் காரின் டிக்கியிலோ குளிரில் உறையும் கார் நிறுத்தும் அறையிலோ விட்டுவிட்டால், எவ்வளவு நல்ல பந்தும் விரிசல் விட்டுவிடலாம்.