பிள்ளை மேடையில், பெற்றோர் முதல் வரிசையில்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நவராத்திரி தொடங்கிவிட்டால் சேலத்தில் கோயில் பிராகாரங்களிலும், செவ்வாய்ப்பேட்டை, அம்மாபேட்டைப் பக்கத்து மண்டபங்களிலும் தினம் ஏதாவது ஒரு பிள்ளை மைக் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும். விஜயதசமிக்கு அரங்கேற்றம், ஜனவரியில் தியாகராஜ ஆராதனை, நடுவில் பாட்டு வகுப்பின் ஆண்டு விழா என்று சீசன் நீளும். பாடுவது பிள்ளை; வியர்ப்பது அப்பா அம்மாவுக்கு. அந்தப் பதற்றத்தில் நல்லது செய்கிறோம் என்று நினைத்துச் செய்வதுதான் பெரும்பாலும் பிள்ளையைக் கெடுக்கிறது.

முதலில், உட்காரும் இடம். முதல் வரிசையின் நட்ட நடுவில் உட்கார்ந்தால் பிள்ளை தலை நிமிரும்போதெல்லாம் உங்கள் முகம்தான் தெரியும். நீங்கள் புருவத்தை லேசாகச் சுருக்கினாலும் அது ‘ஏதோ தப்பு’ என்று எடுத்துக்கொள்ளும். கூடவே வாயசைப்பது, ‘சிரி’ என்று ஜாடை காட்டுவது, ‘மெதுவா, மெதுவா’ என்று கையை அமுக்குவது எல்லாம் நடக்கும். பதற்றத்தில் காலப்பிரமாணம், அதாவது பாட்டின் வேகம், ஓடுவது பிள்ளைகளுக்குச் சகஜம்தான். அதைப் பிடித்து நிறுத்துவது மிருதங்கக்காரர் வேலை. எங்கே உட்காரட்டும் என்று முந்தின நாளே பிள்ளையிடம் கேட்டுவிடுங்கள். சிலதுக்கு அம்மா முகம் தெரிந்தே ஆக வேண்டும். சிலது ‘கண்ணுலயே படாதீங்க’ என்றுவிடும். இரண்டுக்கும் கட்டுப்படுங்கள்.

அடுத்தது தொடையில் தாளம் போடுகிற அப்பாக்கள். ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை என்று தெரிந்தால் போதாது. பல கீர்த்தனைகள் சமத்தில், அதாவது முதல் தட்டோடு சேர்ந்து, ஆரம்பிக்காது. தட்டு விழுந்து அரை இடமோ ஒன்றரை இடமோ தள்ளித்தான் பல்லவி எடுக்க வேண்டும். இது தெரியாத அப்பா பாட்டின் முதல் சொல்லோடு சேர்த்து முதல் தட்டைப் போடுவார். பிள்ளையின் கை ஒரு கணக்கில், அப்பாவின் கை வேறு கணக்கில். ஒரு தரம் அது கண்ணில் பட்டால் போதும், பாட்டைத் தொடங்கும் இடமான எடுப்பு தடுமாறிவிடும். ஏழு எண்ணிக்கை கொண்ட மிசிர சாப்பு தாளம் என்றால் கேட்கவே வேண்டாம். தாளம் நிச்சயமாகத் தெரியுமென்றால் போடுங்கள். இல்லையென்றால் கை மடியிலேயே இருக்கட்டும்.

பாதியில் வரி மறந்துவிட்டால்? பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் டீச்சர் மெல்ல எடுத்துக் கொடுப்பார். வயலின் ஒரு சுற்று வாசித்துச் சமாளிக்கும், மிருதங்கம் நிற்காது, பிள்ளையும் பல்லவிக்குத் திரும்பி வந்து சேர்ந்துகொள்ளும். சபையில் பாதிப் பேருக்கு மறந்ததே தெரியாது. கூட்டத்திலிருந்து அம்மா குரல் கொடுத்தால்தான் அத்தனை பேருக்கும் தெரியும்.

பெற்றோர் செய்ய வேண்டியதெல்லாம் மேடைக்கு ஏறுவதற்கு முன்பு இருக்கிறது. இப்போது பல பேர் சுருதிக்கு போனில் தம்பூரா ஆப் போட்டுவிடுகிறார்கள். பிள்ளை ஐந்தரைக் கட்டை சுருதியில் உருகிப் பாடிக்கொண்டிருக்கும்போது ஆத்தூர் சித்தி கூப்பிட்டால் சுருதி நின்று, ரிங்டோன் ஸ்பீக்கரில் ஊருக்கே கேட்கும். அதனால் ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், சார்ஜ் பாருங்கள், கட்டையை டீச்சரிடம் கேட்டு வையுங்கள். முந்தி பாடியவருடைய உயரத்திலேயே மைக் நிற்கும். மைக்செட்காரரிடம் சொல்லி வாய்க்கு நேராக இறக்கச் சொல்லுங்கள். தாளம் போடும் கையில் கண்ணாடி வளையல் வேண்டாம், ஒவ்வொரு தட்டுக்கும் ‘சல்’ என்று மைக்கில் விழும். புதுப் பட்டுப் பாவாடையை அன்றைக்குத்தான் முதலில் உடுத்துவது என்று வைத்துக்கொள்ளாதீர்கள். விறைப்பான ஜரிகையோடு சம்மணம் போட வருகிறதா என்று வீட்டிலேயே ஒரு தரம் உட்கார வைத்துப் பாருங்கள். பையனுக்கு வெண்பட்டு வேட்டி கட்டாமல் சேலத்துக்காரர்களுக்கு மனசு ஆறாது. சரி, கட்டுங்கள், ஒட்டிக்கோ வேட்டியாக இருக்கட்டும். வழியில் தட்டுவடை செட் கேட்டு அடம் பிடித்தால், ‘பாடி முடிச்சதும்’ என்று சொல்லிவிடுங்கள். அந்தக் காரச் சட்னி தொண்டையில் ஏறினால் இருமல் சரணம் வரை விடாது.

மே மாதம் ஏற்காடு கோடை விழா மாதிரி மலை மேல் நிகழ்ச்சி என்றால் தவறுகளும் மேலே ஏறும். கடைசி நேரத்தில் கிளம்பி, இருபது கொண்டை ஊசி வளைவையும் ஒரே மூச்சில் ஏறினால் பிள்ளை வாந்தியெடுத்த களைப்போடு மேடைக்கு வரும். வாத்தியத்தைச் சேலம் வெயிலில் கார் டிக்கியில் போட்டு வைக்காதீர்கள். சூட்டில் வயலினின் பசை இளகி ஒட்டு விடும். அப்புறம், சாயங்காலம் மேலே பனி இறங்கினால் மிருதங்கத் தோல் ஈரம் குடித்துத் தளர்ந்து சுருதி இறங்கும், வில்லின் முடி தொய்யும், வயலின் தந்தியை முறுக்கும் பிருடை ஊறித் திருக வராது. முன்கூட்டியே போய், உறையைத் திறந்து, அந்தக் காற்றுக்கு வாத்தியம் பழகிய பிறகு சுருதி சேர்க்க வேண்டும்.

வீடியோ எடுக்க ஒருவர் போதும். அப்பா, அம்மா, மாமா மூன்று பேரும் போனை உயர்த்தினால் பிள்ளைக்குத் தெரிவது மூன்று போன்கள்தான். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடுவதற்கு முன் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது ஒன்றில்தான். தன் பிள்ளை பாடி முடித்ததும் குடும்பத்தோடு எழுந்து போவது. கடைசியாகப் பாடுகிற பிள்ளைக்கு மிச்சம் இருப்பது காலி நாற்காலிகளும், அவற்றை மடக்குகிற சத்தமும். ஆண்டு விழா என்றால் கடைசிப் பாட்டான மங்களம் வரை உட்காருங்கள்.

வண்டியில் ஏறியதும் ‘அனுபல்லவியில ஏன் தடுமாறுன? அந்தப் பொண்ணு எப்படிப் பாடுச்சு பாத்தியா?’ என்று ஆரம்பிக்காதீர்கள். தடுமாறியது உங்களுக்கு முன்பே அதற்குத் தெரியும். பசிக்கிறதா என்று கேளுங்கள். பிடித்த இடம் ஒன்றைக் குறிப்பாகச் சொல்லுங்கள். ‘சூப்பர்’ என்று மொத்தமாகச் சொன்னால் எந்தப் பிள்ளையும் நம்பாது. திருத்தத்தை டீச்சர் அடுத்த வகுப்பில் பார்த்துக்கொள்வார். அந்த ஒரு வகுப்புக்கு மட்டும் பிள்ளையை வாசலில் விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.