பாறை ஏறுற ரூட்ல எப்படி நடந்துக்கணும், புதுசா வர்றவங்ககிட்ட எப்படி சொல்லணும்

கிளைம்பிங்க்கு புதுசா வர்றவங்க உயரத்தை பார்த்து பயப்படுறத விட, கீழ நிக்கிற பழைய ஆளுங்க பார்க்குற பார்வைக்குத்தான் அதிகமா பயப்படுறாங்க. முதல் வருஷம் என்னையும் ஒருத்தர் "இந்த ரூட் உனக்கு இல்ல"ன்னு சொல்லி அனுப்பிட்டார், ஏன்னு சொல்லவே இல்ல. அது இன்னும் வலிக்குது, அதனாலதான் இத எழுதுறேன்.

ரூட்டுக்கு கீழ யாராவது இருந்தா "உங்களுக்கு அப்புறம் நாங்க ஒரு தடவை ஏறலாமா"ன்னு கேட்டுடுங்க, பாதி சண்டை வராமலே போயிடும். டாப் ரோப்பை, அதாவது ரூட் உச்சியில மாட்டின கயிறை, தொங்கவிட்டுட்டு மணிக்கணக்கா ரெஸ்ட் எடுக்காதீங்க, ஒண்ணு கயிறை இழுத்துடுங்க, இல்ல அதுலயே காத்துட்டு இருக்குறவங்களையும் ஏற விடுங்க. குரூப்பா ஏறும்போது ஆங்கர்ல (ரூட் உச்சியில கயிறு மாட்டுற இரும்பு ரிங்) உங்க சொந்த கேரபினர் கொக்கியை மாட்டி அதுல கயிறை ஓடவிடுங்க, கடைசியா இறங்குறவர் மட்டும் ரிங் வழியா வரட்டும், மண்ணு ஒட்டின கயிறு ஓடி ஓடி ரிங்கோட இரும்பையே தேய்ச்சுடும்.

பாறையில அடிச்சிருக்குற முதல் போல்ட்ல சிவப்பு டேக் கட்டியிருந்தா ஏறாதீங்க. பெரும்பாலும் அது போல்ட் அடிச்சவர் இன்னும் முயற்சி பண்ணிட்டு இருக்குற ப்ராஜெக்ட், சொந்த காசுல போல்ட் வாங்கி, நாள் முழுக்க தொங்கிக்கிட்டே ட்ரில் பண்ணி, ஆடுற கல்லையெல்லாம் தட்டி எடுத்தவருக்கு முதல் ஏற்றத்தை விட்டுக்குடுக்குறது நியாயம்தான். ஆனா முயற்சியே பண்ணாம வருஷக்கணக்கா டேக்கை விட்டு வச்சா, என்னை கேட்டா அது கேட்கீப்பிங்தான், மத்தவங்கள உள்ள விடாம தடுக்குற வேலை. ஸ்பெயின்ல ஓலியானா பாறையில லா துரா துரா ரூட்டுக்கு போல்ட் அடிச்சது அமெரிக்க கிளைம்பர் கிறிஸ் ஷர்மா, ஆனா செக் கிளைம்பர் ஆடம் ஓந்த்ராவையும் கூட சேர்த்துக்கிட்டு ரெண்டு பேருமா முயற்சி பண்ணாங்க, 2013 பிப்ரவரில ஓந்த்ரா முதல்ல ஏறிட்டார், மார்ச்ல ஷர்மாவும் ஏறினார். 9பி பிளஸ்னு ரொம்பவே கஷ்டமான கிரேடு ரூட்டையே அப்படி பகிர்ந்துக்கிட்டாங்க, நாம ஒரு வார்ம் அப் ரூட்டுக்கு முறைச்சுக்குறோம்.

ஒருத்தர் ஏறும்போது கேட்காம பீட்டா (எப்படி ஏறணும்ங்குற டிப்ஸ்) சொல்லாதீங்க, "பீட்டா வேணுமா"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க, தானா கண்டுபிடிக்குற சந்தோஷத்துக்காகத்தான் நிறைய பேர் ஏறவே வர்றாங்க. ஆனா முடிச்சு சரியில்ல, ஹார்னஸ் பக்கிள் போடல, பீலே பண்றவர் (கீழ நின்னு கயிறை பிடிச்சுக்குறவர்) பிரேக் கையை விட்டுட்டார், இதுக்கெல்லாம் யார் அனுமதியும் வேணாம், உடனே சத்தமா சொல்லிடுங்க.

புதுசா வந்தவங்க தப்பு பண்ணா காரணத்தோட சொல்லுங்க. மழை பெஞ்ச சாண்ட்ஸ்டோன்ல (மணற்கல் பாறை) ஒருத்தர் ஏறப் போறாருன்னு வைங்க, "இதுகூட தெரியாதா"ன்னு கேட்டா அவர் மறுபடி இந்தப் பக்கமே வரமாட்டார். "ஈரமான சாண்ட்ஸ்டோன் பலமிழந்துடும், ஹோல்டு உடைஞ்சா திரும்ப வராது, உள்ள நல்லா காயுறவரைக்கும் ரெண்டு மூணு நாள் பொறுக்கலாம், வாங்க அந்தப் பக்கம் கிரானைட் இருக்கு, சேர்ந்து போலாம்"னு கூப்பிட்டு பாருங்க.

கிளம்பும்போது ஹோல்டு எங்கன்னு தெரிய நீங்க சாக் பவுடர்ல போட்ட கோடுகளையெல்லாம் மறக்காம பிரஷ் பண்ணிடுங்க, அடுத்து வர்றவருக்கும் அந்த ரூட் புதுசா இருக்கட்டும்.