யாழ்தேவி திரும்பி வர ஒரு வளையம்: டிஜிட்டல் மொடல் ரயிலுக்கான வயரிங்

கொழும்பிலிருந்து வரும் யாழ்தேவி ரயிலுக்கு, காங்கேசன்துறையோடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது. மேசையில் ஓடும் யாழ்தேவிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. முனையில் ஒரு வளையம் போட்டால், போன கோச்சி சுற்றிக்கொண்டு அதே பாதையில் திரும்பி வரும். தலையிடி மின்சாரத்துக்குத்தான். இடப்பக்கத் தண்டவாளத்தில் விரலை வைத்து வளையத்தைச் சுற்றிப் பாருங்கள். வலப்பக்கத் தண்டவாளத்தில் வந்து நிற்பீர்கள். அப்படியே கரண்ட் கொடுத்தால் ஷோர்ட்தான்.

ஆகவே வளையத்தின் மின்சாரத்தைப் பிரதான பாதையிலிருந்து பிரிக்க, தண்டவாளத்தை வெட்ட வேண்டும். வெட்டுவதற்கு முன் உங்களிடம் உள்ள மிக நீளமான கோச்சியை அளந்துகொள்ளுங்கள். தனியாகப் பிரிக்கும் பகுதி அதைவிட நீளமாக இருக்க வேண்டும். முன் சக்கரம் ஒரு வெட்டிலும் பின் சக்கரம் மற்ற வெட்டிலும் ஒரே நேரத்தில் நின்றால் துருவத்தை மாற்றித்தரும் எந்த மொடியூலாலும் காப்பாற்ற முடியாது. எச்ஓ அளவில் (நிஜ ரயிலின் 87இல் ஒரு பங்கு) 45 சென்ரிமீற்றர் ஆரை வட்டத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2.8 மீற்றர், எஞ்சினும் ஐந்து பெட்டிகளும் தாராளமாக அடங்கும்.

சரி, இப்போது வெட்டலாம். பாதை பிரியும் பொயின்ற்றைத் தாண்டியதும், வளையத்தின் இரு முனைகளிலும், இரண்டு தண்டவாளங்களையும் வெட்ட வேண்டும். மொத்தம் நான்கு வெட்டு. சித்திரை வெயிலில் தண்டவாளம் நீண்டு வெட்டு மூடிக்கொள்ளும். ஒவ்வொன்றிலும் சிறு பிளாஸ்ரிக் துண்டைப் பசை போட்டுச் செருகி, அரத்தால் சீவிவிடுங்கள். வயர் பொருத்துமுன் மல்ரிமீற்றரால் சோதியுங்கள். வளையத்துக்கும் பிரதான பாதைக்கும் இடையில் பீப் சத்தம் வரக்கூடாது.

அடுத்தது ஓட்டோ ரிவேர்சர், அதாவது வளையத்தின் துருவத்தைத் தானாக மாற்றும் மொடியூல். கைச்சுவிட்சாலும் இதைச் செய்யலாம், ஆனால் ஒருநாள் மறந்துபோவீர்கள், மொடியூலே நல்லது. அதன் உள்ளீட்டு வயர்கள் இரண்டும் பிரதான பாதைக்குப் போகும் வயர்களில் சேரும். வெளியீட்டு வயர்கள் இரண்டும் வளையத்துக்கு மட்டும். எந்த வயர் எந்தப் பக்கம் என்று குழம்ப வேண்டாம், மாறியிருந்தால் அதுவே திருப்பிக்கொள்ளும். வளையத்துக்கு வேறு எந்த வயரும் நேரடியாகப் போகக்கூடாது.

சக்கரம் வெட்டைக் கடக்கும்போது ஷோர்ட்டை உணர்ந்து, மொடியூல் கண்ணிமைக்கும் நேரத்தில் துருவத்தை மாற்றும். எஞ்சின் நிற்காது. டிஜிட்டலில் முன்னா பின்னா என்பதை எஞ்சினுக்குள் இருக்கும், கட்டளையைப் படிக்கும் டிகோடர் தீர்மானிக்கிறது, தண்டவாளத்தின் துருவம் அல்ல.

எஞ்சினை மட்டும் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வெட்டில் முழு லேஅவுட்டும் நின்றுவிட்டால், மொடியூலை முந்திக்கொண்டு, தண்டவாளத்துக்குக் கரண்டும் கட்டளையும் அனுப்பும் கட்டுப்பாட்டு நிலையம் கரண்டை வெட்டுகிறது என்று அர்த்தம். மொடியூலின் டிரிப் அளவை, அதாவது எவ்வளவு கரண்டில் அது ஷோர்ட் என்று உணர்கிறது என்பதை, கொஞ்சம் குறையுங்கள். பலவற்றில் அதற்கென்று ஒரு திருகு உண்டு. அப்புறம் பெட்டிகளைக் கோர்த்து, இரண்டு பக்கமாகவும் ஓட்டிப் பாருங்கள்.